ஷூ யூனிட்ல யாருக்கு என்ன வேலை தெரியும்னு ஒரு சார்ட் போடுங்க

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் யூனிட் நடத்துறவங்களுக்கு சொல்றேன், ரிஜிஸ்டர்ல டெய்லர், ஹெல்பர்னு இருக்கிறத மட்டும் பார்த்து ஆள் பிரிக்காதீங்க. ஹெல்பர்னு பல வருஷமா இருக்கிற அக்கா ஸ்கைவிங் மெஷின்ல தோல் ஓரத்த அவ்ளோ சீரா சீவுவாங்க, அது எந்த பேப்பர்லயும் இருக்காது.

சார்ட்ல இடது பக்கம் பேரு, மேல கட்டிங், ஸ்கைவிங், அப்பர் (ஷூவோட மேல்பாகம்) தையல், லாஸ்டிங் (அப்பர அச்சுல இழுத்து ஷூ வடிவத்துக்கு கொண்டு வர்றது), ஃபினிஷிங். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு மார்க்: 1னா கத்துக்குறாங்க, 2னா பக்கத்துல ஆள் வேணும், 3னா தனியா செய்வாங்க, 4னா அடுத்தவங்களுக்கும் சொல்லிக்கொடுப்பாங்க. சூப்பர்வைசர கேட்டு மார்க் போட்டா வேண்டியவங்க வேண்டாதவங்க பிரச்சனை வந்துடும், அதனால ஒரு ஜோடி அப்பர் குடுத்து போஸ்ட் பெட் மெஷின்ல (தூண் மாதிரி உயர்ந்த மேடை இருக்கிற தையல் மெஷின்) தைக்க சொல்லி, வளைவுல தையல் விலகுதான்னு நீங்களே பாருங்க.

அப்புறம் மேலிருந்து கீழ படிங்க, ஒரு வேலைக்கு 3ஓ 4ஓ மார்க் இருக்கிறது ஒரே ஆள்தான்னா அவங்க லீவு போட்ட அன்னிக்கு லைனே நின்னுடும், முதல்ல அங்க இன்னொருத்தர பழக்குங்க. மார்க் ஏறுனா சம்பளமும் ஏறணும், இல்லன்னா யாரு கத்துக்குவாங்க?

சர்டிஃபிகேட் இல்லாம தொழில் தெரிஞ்சவங்களுக்கு, பிரதான் மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனால முன் அனுபவத்த சோதிச்சு சர்டிஃபிகேட் குடுக்குற ஏற்பாடு இருக்கு, விசாரிச்சு பாருங்க.