குரூசர் மோட்டார்சைக்கிளுக்குப் புது ஹேண்டில்பாரா? முதலில் கேபிளைப் பாருங்கள்

உயரமான ஹேண்டில்பார் தேடிக் கடைக்குப் போகுமுன், மோட்டாரில் இருக்கும் பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்களிலும் பிரேக் ஹோஸிலும் எவ்வளவு தளர்வு இருக்கிறது என்று பாருங்கள். அதற்குள் அடங்கும் பாரை எடுத்தால் கேபிள் மாற்றும் செலவு மிச்சம். நீளம் போதாவிட்டால், திரும்பும்போது கேபிள் இழுபட்டு எஞ்சின் தானாக ரேஸ் ஆகும். கோலாலம்பூர் நெரிசலில் கார்களுக்கு நடுவே வளைகிறவர்களுக்கு இது விளையாட்டல்ல. கைப்பிடிப் பக்கத் தடிமனும் முக்கியம்: ஹார்லிக்கு 25.4 மி.மீ., பல ஜப்பானிய மோட்டார்களுக்கு 22 மி.மீ.

எலெக்ட்ரானிக் த்ராட்டில் (ஒயர் வழியே இயங்கும் ஆக்சிலேட்டர்) என்றால் பெரும்பாலும் ஆக்சிலேட்டர் கேபிள் கிடையாது, ஒயரின் நீளத்தைப் பாருங்கள். தோளுக்கு மேல் கை போகும் ஏப் ஹேங்கர்தான் வேண்டுமென்றால் இந்தக் கணக்கு உதவாது. கேபிள், ஹோஸ் எல்லாம் புதிதாகத்தான் போட வேண்டிவரும்.