ஓசில பதில் கிடைக்கிற எடத்துல எப்படிக் கேக்கக் கூடாது

காரைக்குடியில டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போறத கம்ப்யூட்டர்ல அடிச்சு வடிவமைக்கற வேலை பாக்கறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக்கு, கோயில் நோட்டீஸ், அறுபதாம் கல்யாணம் மாதிரி சாந்திக்கு அடிக்கிற குடும்ப மலர், இதுதான் பொழப்பு. ராத்திரி கடையை அடைச்சுட்டு வந்தா கொஞ்ச நேரம், கம்ப்யூட்டர் சந்தேகத்துக்குத் தமிழ்லயே பதில் சொல்ற ஒரு டெலிகிராம் குரூப்ல உக்காந்திருப்பேன், எங்கள மாதிரி இன்னும் சில பேர் இருக்காங்க, ஒருத்தர் ஸ்கூல் வாத்தியாரு, ஒருத்தர் சிங்கப்பூர்ல வேலை, ஒருத்தர் டொரண்டோ, யாருக்கும் இதுல பத்து பைசா கெடையாது. புதுசா வர்ற புள்ளைங்க கேக்கற விதத்தப் பாத்தா நாங்க ஆரம்பத்துல அடிச்ச கூத்தெல்லாம் அப்படியே திரும்பி வருது, அதான் எழுதி வச்சுருவோமேன்னு தோணுச்சு.

எழுத்துப்பிழை, தங்கிலீஷ், "சார்" போடலே, இதெல்லாம் நான் தப்புன்னே சொல்ல மாட்டேன். புரிஞ்சா போதும்.

"அவசரம்"னு போடறது

நாளைக்குக் காலைல பிரஸ்ஸுக்குப் போகணும், இப்ப ராத்திரி பத்து மணி, ஃபைல் தொறக்க மாட்டேங்குது, உடனே பதில் வேணும். சரி, உங்களுக்கு அவசரம், ஒத்துக்கறோம். ஆனா நமக்கு ராத்திரி பத்துன்னா சிங்கப்பூர்ல பன்னண்டரை, அவரு தூங்கிருப்பாரு. நமக்குச் சாயங்காலம் ஆறுன்னா டொரண்டோக்காரரு காலைல வேலைக்குக் கெளம்பிக்கிட்டு இருப்பாரு. வாத்தியாருக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தற வாரம் வந்துட்டா ஆளையே காணோம். தை, வைகாசி, ஆவணின்னு முகூர்த்த மாசம் வந்தா நானே எட்டிப் பாக்க மாட்டேன், ஏன்னா என் கடைலயே பத்து பேரு "அவசரம்"னு நிப்பாங்க, அவங்க காசு குடுக்கறவங்க.

இங்க ட்யூட்டி டைம்னு ஒண்ணு இல்ல. ராத்திரிக்குள்ள முடிஞ்சே ஆகணும்னா அது ஓசில கேக்கற வேலையே இல்ல, பக்கத்துல காசு வாங்கிட்டுப் பாத்துக் குடுக்கற ஆளைப் பிடிங்க, கூடவே எங்ககிட்டயும் கேட்டு வைங்க, பதில் வந்தா லாபம். எங்கள மட்டும் நம்பி ராத்திரி முழுக்க ஃபோனப் பாத்துக்கிட்டு இருந்துட்டு காலைல "ஒருத்தருக்கும் மனசு வரலயே"ன்னு ஆரம்பிக்காதீங்க.

"யாராவது இருக்கீங்களா?"

இருக்கோம். கேளுங்க.

எதுக்குன்னு சொல்லாம கேக்கறது

இதுதான் எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்ற விஷயம், கொஞ்சம் நீளமாத்தான் சொல்லப் போறேன்.

தேவகோட்டைப் பக்கம் ஒருத்தரு. அவங்க அப்பச்சி சாந்திக்குன்னு முன்ன ஒரு குடும்ப மலர் போட்டிருக்காங்க, எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யாரு யாருக்குப் பொறந்தது, யாரு எந்த ஊர்ல குடித்தனம், மொத்தம் எத்தன புள்ளி, அதாவது கல்யாணமான குடும்பம்னு எல்லாம் பட்டியல் போட்டு. அந்தப் பழைய பாகத்த ஒரு அச்சகத்துல பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்டுல அடிச்சிருக்காங்க. அப்புறம் சில வருஷம் கழிச்சுப் புதுசா பொறந்தவங்க, கல்யாணம் ஆனவங்க எல்லாரையும் சேக்கறப்ப வேற ஒரு எடத்துல வானவில்ங்கற இன்னொரு ஃபான்ட்டுல அடிச்சு அதே ஃபைல்ல ஒட்டிருக்காங்க. நடுநடுவுல மலேசியா, சிங்கப்பூர் அட்ரஸெல்லாம் இங்கிலீஷ்ல. ஆக ஒரே வேர்ட் ஃபைல், உள்ள மூணு ரகம்.

இத அவரு சிங்கப்பூர்ல இருக்கற மச்சினனுக்கு அனுப்பிருக்காரு. மச்சினன் ஃபோன்ல தொறந்தா ஒரு எழுத்து தமிழ்ல இல்ல. இவரு என்ன நெனச்சாருன்னா, ஃபான்ட் கலந்து கெடக்கறதுனாலதான் பிரச்சனை, எல்லாத்தையும் ஒரே ஃபான்ட்டா ஆக்கிட்டா சரியாயிரும்னு அவராவே முடிவு பண்ணிக்கிட்டு குரூப்ல வந்து கேட்ட கேள்வி இவ்வளவுதான்: "வேர்ட் ஃபைல் முழுக்க ஒரே ஃபான்ட்டுக்கு மாத்துறது எப்படி?"

மச்சினன் வரல. பாமினி வரல. மலர் வரல. ஒரு வரி.

அஞ்சு நிமிஷத்துல பதிலும் வந்துருச்சு, கன்ட்ரோல் ஏ அடிங்க, மேல ஃபான்ட் லிஸ்ட்ல வேணுங்கறத எடுங்க, அவ்வளவுதான்னு. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். அவரு அடிச்சாரு, லதாங்கற தமிழ் ஃபான்ட்ட எடுத்தாரு, சேவ் பண்ணாரு, மூடுனாரு. மறுநாள் காலைல தொறந்துட்டு "எல்லாம் இங்கிலீஷா வருது, உங்க குரூப் சொன்னதக் கேட்டுத்தான் என் ஃபைல் போச்சு"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ், கேக்க முடியல.

ஏன் அப்படி ஆச்சுன்னா, பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டுல நீங்க "அம்மா"ன்னு அடிச்சா ஃபைலுக்குள்ள உக்காந்திருக்கறது அம்மா இல்ல, எம், கே, செமிகோலன், கே, ஹெச். அந்த இங்கிலீஷ் எழுத்து மேல அம்மா மாதிரி படம் வரைஞ்சு காட்டறதுதான் அந்த ஃபான்ட்டோட வேலை. வானவில்லும் அதே மாதிரிதான், ஆனா எந்த எழுத்துக்கு எந்தப் படங்கற கணக்கு வேற. யூனிகோட்ங்கற உலகப் பொது முறைலதான் அ-ன்னா அ-வுக்குன்னே தனி நம்பர், அதுனாலதான் எந்த ஃபோன்லயும் தெரியுது. லதா யூனிகோட் ஃபான்ட், அது உள்ள இருந்த இங்கிலீஷ் எழுத்த இங்கிலீஷாவே காட்டிருச்சு. 1991-ல வந்த மொத யூனிகோட்லயே தமிழ் இருக்கு, தமிழ்நாடு அரசு 2010-லயே யூனிகோட்தான்னு ஆணை போட்டாச்சு, ஆனா எங்க அச்சக உலகத்துல பாதிப் பேரு இன்னும் பாமினிய விடல, விடாததுக்குக் காரணமும் இருக்கு, அது வேற கதை.

இப்ப விஷயத்துக்கு வாங்க. முழுசும் பாமினியா இருந்திருந்தா திரும்ப பாமினிய எடுத்தா சரியாப் போயிரும், ஒண்ணும் நஷ்டமில்ல. ஆனா இங்க எந்தப் பத்தி பாமினி, எந்தப் பத்தி வானவில், எது நெஜமாவே இங்கிலீஷ்ங்கறத காட்டிக்கிட்டு இருந்த ஒரே அடையாளம் அந்த ஃபான்ட் பேருதான். கன்ட்ரோல் ஏ அடிச்சு ஒரே ஃபான்ட் குடுத்தவுடனே அந்த அடையாளம் மொத்தமா அழிஞ்சுருச்சு. மூடித் தொறந்ததுனால அன்டூவும் கெடையாது. திரும்ப பாமினி குடுத்தா பழைய பாகம் தமிழாயிருது, புதுப் பாகம் என்னமோ பேய் ஓட்டற மந்திரம் மாதிரி வருது, சிங்கப்பூர் அட்ரஸ் எல்லாம் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்தா நிக்குது. பழைய ஃபான்ட்ட யூனிகோடா மாத்தற கன்வர்ட்டர்ல போடலாம்னா கன்வர்ட்டர் கேக்கற மொதக் கேள்வியே "இது எந்த ஃபான்ட்?"தான். பழைய அச்சுப் பிரதி வீட்ல பெட்டகத்துல இருந்ததுனால தப்பிச்சாரு, எங்க வாத்தியாருதான் ராத்திரி ராத்திரி அதப் பக்கத்துல வச்சுக்கிட்டு பத்தி பத்தியா பிரிச்சுக் குடுத்தாரு. ஆமா, "உங்க குரூப்தான் கெடுத்துச்சு"ன்னு திட்டு வாங்குன அதே குரூப்பு வாத்தியாரு.

இதுல கொடுமை என்னன்னா அவருக்கு ஃபான்ட் மாத்த வேண்டிய அவசியமே இல்ல. மச்சினன் படிச்சாப் போதும். ஃபைல இருந்த கம்ப்யூட்டர்லயே பிடிஎஃப்பா சேவ் பண்ணி அனுப்பிருந்தா ஃபான்ட்டும் உள்ளயே சேந்து போயிரும், எந்த ஃபோன்லயும் அச்சுல இருக்கற மாதிரியே தெரியும். ஒரு நிமிஷ வேலை. "சிங்கப்பூர்ல இருக்கற மச்சினனுக்கு ஃபோன்ல தெரியல, அவரு படிச்சாப் போதும், திருத்த வேணாம்"னு அந்த ஒரு வரியச் சேத்திருந்தா மொதப் பதிலே பிடிஎஃப்புன்னுதான் வந்திருக்கும்.

நம்ம ஊர்ல பழைய வீட்டுச் சுவரு பேந்துருச்சுன்னா கொத்தனாருக்கு ஃபோனப் போட்டு "எந்த சிமென்ட் நல்ல சிமென்ட்?"னு மட்டும் கேட்டா அவரு ஒரு பேரச் சொல்லத்தான் செய்வாரு. அது சுண்ணாம்புப் பூச்சுச் சுவரு, அதுல சிமென்ட்டே வைக்கக் கூடாது, வச்சா ஈரம் வெளிய வர வழியில்லாம சுத்தி இருக்கறதையும் சேத்துப் பேத்துக்கிட்டு வரும்னு அவருக்குத் தெரியும், ஆனா எந்தச் சுவருன்னு நீங்க சொல்லலயே.

இந்த மாதிரி வாரத்துக்கு ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கு. "பென்டிரைவ் ஃபார்மட் பண்றது எப்படி?"ன்னு ஒரு தம்பி கேட்டாப்ல. நல்லவேளை எதுக்குன்னு கேட்டோம். "அண்ணே, தங்கச்சி கல்யாண ஃபோட்டோ அதுல இருக்கு, சொருகுனா ஃபார்மட் பண்ணச் சொல்லுது, பண்ணாத்தானே ஃபோட்டோ தெரியும்"ங்கறாப்ல. ஃபார்மட்னா உள்ள இருக்கறதத் துடைச்சுப் புதுசாக்கறது, பண்ணிருந்தா மீட்கறது இன்னும் சிக்கலாயிருக்கும். அந்த மெசேஜ் வந்தா மொத வேலை அதுல எதையும் எழுதாம உருவி வைக்கறது, அப்புறம் ரெகவரி சாஃப்ட்வேர்ல போட்டு, மீட்ட படத்த வேற டிஸ்க்ல சேவ் பண்றது. தம்பி கேட்ட கேள்விக்கு நாங்க ஒழுங்கா பதில் சொல்லிருந்தா தங்கச்சி எங்க எல்லாரையும் தேடி வந்திருக்கும்.

ஏன் சொல்ல மாட்டேங்குறாங்கன்னு யோசிச்சிருக்கேன். சில பேருக்குக் கூச்சம், வீட்டுக் கதையெல்லாம் எதுக்கு வெளியங்கறது. சில பேரு எங்க நேரத்த மிச்சம் பண்றதா நெனச்சுச் சுருக்கிடறாங்க. நெறையப் பேரு பாதி வைத்தியத்தத் தானே பண்ணிட்டு மீதிப் பாதிக்கு மட்டும் வர்றாங்க, அந்த மொதப் பாதி தப்பா இருந்தா எங்களுக்குத் தெரிய வழியே இல்ல. நாங்க சொல்ற மருந்து ஒண்ணே ஒண்ணுதான், கேள்விய எழுதி முடிச்சதும் கடைசில "எதுக்குன்னா"ன்னு ஆரம்பிச்சு ஒரு வரி சேத்துருங்க. குடும்ப ரகசியம் வேணாம். யாருக்கு, எதுல பாக்கணும், படிக்கவா திருத்தவா அச்சடிக்கவா, அது போதும்.

ஸ்க்ரீன ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து அனுப்பறது

எடுங்க, பரவாயில்ல, ஆனா எரர் மெசேஜ் முழுசாத் தெரியற மாதிரி எடுங்க. டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் பாதி வெளுத்து, ஓரத்துல உங்க கட்டைவிரலும் சேந்து, முக்கியமான வரி மட்டும் வெட்டுப்பட்டு வருது. முடிஞ்சா அந்த வரிய டைப் பண்ணிருங்க, நாளைக்கு வேற ஒருத்தரு தேடுனா அதுதான் கிடைக்கும், ஃபோட்டோவுக்குள்ள இருக்கறது தேடல்ல வராது. விண்டோஸ் எத்தனை, வேர்ட் எந்த வருஷம், இதுவரைக்கும் என்ன பண்ணிப் பாத்தீங்க, இது மூணும் சேந்து வந்தா பதில் பாதி எழுதுன மாதிரி. இன்னொண்ணு, பின்னாடி தொறந்து கெடக்கற ஆதார் காப்பிய மூடிட்டு எடுங்க சாமி.

ஒரே கேள்விய ஊர் பூரா கேக்கறது

கேக்கலாம், தப்பில்ல. ஆனா "அங்கயும் கேட்டிருக்கேன்"னு சொல்லிருங்க. வாத்தியாரு இங்க ஒரு மணி நேரம் உக்காந்து எழுதுவாரு, பாத்தா மத்தியானமே வேற எடத்துல பதில் கிடைச்சு வேலையும் முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் உங்க பேரப் பாத்தாலே அவரு கை வராது.

"சரியாயிருச்சு, தேங்க்ஸ்"

எப்படி சரியாச்சு?

இத எழுதாமப் போறவங்களக்கூட மன்னிச்சுருவேன், பதில் வாங்குனதும் கேள்விய அழிச்சுட்டுப் போறவங்க இருக்காங்க பாருங்க. இதெல்லாம் கேட்டோம்னு தெரிஞ்சா அசிங்கம்னு நெனப்பு. கீழ இருக்கற பதிலு மட்டும் தலையில்லாத முண்டமா நிக்கும். 2008-ல ஆரம்பிச்ச ஸ்டாக் ஓவர்ஃப்ளோன்னு புரோகிராம் எழுதறவங்க சந்தேகம் கேக்கற வெப்சைட் மாதிரி எடத்துல ஓட்டு விழுந்த பதிலு இருந்தா கேட்டவரே நெனச்சாலும் அவரு கேள்விய அழிக்க முடியாதுன்னு வச்சிருக்காங்க, பதில் சொன்னவன் உழைப்பு போயிறக் கூடாதுன்னு. நம்ம குரூப்ல அப்படிப் பூட்டு இல்ல. எங்களுக்கு ஓசில உக்காந்து எழுதறதுக்கு இருக்கற ஒரே ஆசை, அடுத்து தேடி வர்றவனுக்கும் அது ஒதவும்ங்கறதுதான், அத அழிச்சுட்டா அப்புறம் எதுக்கு எழுதறோம்.

தனியா மெசேஜ் பண்றது

என் தனி நம்பருக்கு வராதீங்க, பொதுவுல கேளுங்க. நான் தப்பாச் சொன்னா அங்க நாலு பேரு திருத்துவாங்க, தனியாச் சொன்னா யாரு திருத்தறது.

அதவிட முக்கியம், நீங்க குரூப்ல கேள்வி போட்டதும் உங்களுக்குத் தனியா ஒருத்தன் வந்து "நான் சரி பண்ணித் தர்றேன், எனிடெஸ்க் போடுங்க, அந்த நம்பரச் சொல்லுங்க"ம்பான். போடாதீங்க. அது உங்க கம்ப்யூட்டர அவன் எடத்துல இருந்தே இயக்க விடற ஆப். ரொம்ப மரியாதையாப் பேசுவான், "அம்மா", "ஆச்சி"ன்னு கூப்பிடுவான். உங்க ஸ்க்ரீன் அவன் கைல இருக்கறப்ப ஓடிபி வந்தா அவனும் பாப்பான். காசு போயிருச்சுன்னா எங்கள்ட்ட வந்து நிக்காம சைபர் மோசடிப் புகாருக்குன்னு இருக்கற 1930-க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

பதிலே வரலேன்னா

யாரும் உங்களப் புறக்கணிக்கல. நெறைய சமயம் யாருக்கும் தெரியல, அவ்வளவுதான், தெரியலேங்கறத முப்பது பேரு வரிசையா வந்து எழுத மாட்டாங்க. இல்லன்னா கேள்வி பாதிலயே நிக்குது, என்ன விவரம் வேணும்னு கேட்டு வாங்கறதுக்கு அன்னிக்கு யாருக்கும் பொறுமையில்ல. ஒரு நாள் விட்டு அதே கேள்விக்குக் கீழ புதுசா எதாவது சேத்துப் போடுங்க, இத பண்ணிப் பாத்தேன், இப்படி வந்துச்சுன்னு. ஞாபகப்படுத்தற மாதிரி வெறும் "அப்"னு போட்டா கேள்வி திரும்பக் கண்ணுல படும், பதில் வராது. "இவ்வளவு பேரு இருந்து என்ன பிரயோஜனம்"னு போட்டா மட்டும் கண்டிப்பா பதில் வரும், நீங்க எதிர்பாத்த பதிலா இருக்காது.

"ஏஐ இப்படிச் சொல்லுது, சரியா?"

அது சொல்ற பட்டன் உங்க மெனுல இருக்கா பாருங்க. இல்லன்னா சரியில்ல.