மீட்டரிலிருந்து தொடங்குங்கள்: வீட்டு மின்செலவைக் குறைக்க ஒரு செய்முறை

மின்சாரத்தைச் சேமிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விளக்குகளை அணைப்பதில் தொடங்குகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 9 வாட் எல்இடி விளக்கு ஒன்று இரவில் பத்து மணி நேரம் எரிந்தால் 90 வாட்-மணி செலவாகும். குளியலறையில் இருக்கும் 2000 வாட் ஹீட்டர் அதைவிட அதிகமான மின்சாரத்தை மூன்றே நிமிடங்களில் இழுத்துவிடும். எது எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாமல் சிக்கனம் செய்தால் உழைப்பு ஓரிடத்திலும் செலவு வேறிடத்திலும் போகும். அதனால் முதலில் அளப்போம், பிறகு குறைப்போம்.

ஒரு யூனிட் என்பது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. நிலக்கரியை எரிக்கும் அனல் மின் நிலையங்களில் அந்த ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. எரியும் கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக மாறுகிறது. மீதி புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் போய்விடுகிறது. கம்பிகளில் வரும் வழியிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. வீட்டில் ஒரு யூனிட்டைத் தவிர்த்தால், எங்கோ அதைப் போல மூன்று மடங்குக்கு மேலான வெப்பம் தரும் கரி எரியாமல் தப்புகிறது. இந்த வேலையில் எனக்கு இத்தனை ஈடுபாடு வந்ததற்கு இந்தக் கணக்கே காரணம்.

படி 1: மீட்டரைப் படியுங்கள்

மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு ஒளிரும். அதன் அருகில் 1600 அல்லது 3200 போன்ற ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு யூனிட் செலவாவதற்குள் அந்த விளக்கு அத்தனை முறை கண்சிமிட்டும் என்பது அதன் பொருள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். அதை 60,000 ஆல் பெருக்கி, அச்சிட்ட எண்ணால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் அளவு கிடைக்கும். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 4 முறை சிமிட்டினால் 75 வாட். பார்த்து எண்ணுவது மட்டும்தான் நம் வேலை. மீட்டரின் மூடியையும் முத்திரையையும் தொடவே கூடாது.

படி 2: இரவுச் சோதனை

எல்லோரும் படுத்த பிறகு, விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் சுவிட்சில் அணைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜையும் கதவைத் திறக்காமல் பத்து நிமிடம் நிறுத்துங்கள். உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. டிவி போன்றவற்றை ரிமோட்டில் மட்டும் அணைத்து, தினமும் விடுவது போலவே விட்டுவிடுங்கள். இப்போது ஐந்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள்.

முதன்முறை நான் இதைச் செய்தபோது என் 3200 மீட்டர் ஐந்து நிமிடத்தில் 11 முறை சிமிட்டியது, அதாவது நிமிடத்துக்கு 2.2 முறை. கணக்குப் போட்டால் 41 வாட். எதுவுமே ஓடாத வீட்டில்! ஆண்டு முழுவதும் அப்படியே விட்டால் 350 யூனிட்டுக்கு மேல். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்தபோது செட்டாப் பாக்ஸ், ஒலிபெருக்கிப் பெட்டி, உறக்க நிலையில் விட்டிருந்த கணினி என்று ஒவ்வொன்றும் அகப்பட்டது. மூன்றையும் சுவிட்ச் உள்ள ஒரே நீட்டிப்புப் பலகையில் சேர்த்தேன். இரவில் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான்.

இப்படிக் காத்திருப்பு நிலையில் வீணாகும் மின்சாரத்தைக் கருவிக்கு 1 வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999 இல் முன்மொழிந்தது. அதன் பிறகு வந்த பல கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. பழையவைதான் சிக்கல். செல்பேசி சார்ஜரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். செல்பேசி மாட்டாத நல்ல சார்ஜர் அரை வாட்டைக்கூடத் தொடுவதில்லை.

படி 3: பட்டியல் போடுங்கள்

ஒவ்வொரு கருவியின் வாட் அளவையும் அது தினமும் ஓடும் மணி நேரத்தையும் பெருக்கி 1000 ஆல் வகுத்து எழுதுங்கள். ஃபிரிட்ஜும் ஏசியும் விட்டுவிட்டு இயங்குபவை என்பதால் இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. பிளக்கில் மாட்டும் சிறிய அளவி கிடைத்தால் ஃபிரிட்ஜை ஒரு நாள் முழுக்க அளந்து பாருங்கள். பட்டியலை முடித்ததும் ஒன்று கண்ணில் படும். சூடாக்கும் கருவிகளும் குளிர்விக்கும் கருவிகளும்தான் மேலே நிற்கும்.

படி 4: வெந்நீர்

நான் மிகவும் வலியுறுத்தும் படி இதுதான். தண்ணீரைச் சூடாக்க ஆகும் யூனிட்டை நீங்களே கணக்கிடலாம்: லிட்டரை, வெப்பநிலை எத்தனை டிகிரி உயர வேண்டுமோ அந்த எண்ணால் பெருக்கி, 860 ஆல் வகுங்கள். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த 0.35 யூனிட். நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டர், அதாவது 1.4 யூனிட். நான்கு பேர் உள்ள வீட்டில் இந்த வேறுபாடு மட்டுமே நாளொன்றுக்கு 4 யூனிட்டுக்கு மேல். ஷவர்தான் வேண்டும் என்றால் நேரத்தைப் பாதியாக்குங்கள், அல்லது நீர் குறைவாக விடும் ஷவர் முனையை மாட்டுங்கள்.

ஹீட்டரை நாள் முழுவதும் போட்டுவைக்காமல் குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, முடிந்ததும் அணையுங்கள். சேமிப்புத் தொட்டியின் வெப்பநிலையை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி வளரும். வெப்பத்தைக் குறைப்பதைவிட நேரத்தையும் நீரையும் குறைப்பதே பாதுகாப்பு.

துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் இதே நியாயம்தான். வெந்நீரில் துவைக்கும்போது பெரும்பகுதி மின்சாரம் நீரைச் சூடாக்கவே போகிறது. அன்றாடத் துணிகளுக்குச் சூடாக்காத தண்ணீர் போதும்.

படி 5: குளிர்

ஃபிரிட்ஜின் உட்பகுதி 3 முதல் 5 டிகிரி, உறைபெட்டி மைனஸ் 18 டிகிரி. அதற்குமேல் குளிர வைப்பது வீண். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி உருவி வந்தால் கதவின் ரப்பர் தளர்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். பின்பக்கக் குழாய்களில் தூசி படிந்திருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள். சுவரை ஒட்டி வைக்காமல் காற்று போக இடம் விடுங்கள். பனி தடித்துப் போனால் உருக்கிவிடுங்கள்.

ஏசியை 26 டிகிரியில் வைத்து மின்விசிறியைச் சேர்த்துப் போட்டால், இன்னும் குறைந்த டிகிரியில் வைத்தது போன்ற இதம் உடலுக்குக் கிடைக்கும். வடிகட்டியை மாதம் ஒருமுறையாவது கழுவுங்கள். வெயில் விழும் சன்னலுக்கு வெளிப்புற மறைப்பு கொடுப்பது உள்ளே திரை போடுவதைவிடப் பலன் தரும். வெயில் கண்ணாடியைத் தாண்டும் முன்பே தடுக்கப்படுகிறது.

மின்விசிறியைச் சிறியது என்று ஒதுக்காதீர்கள். அது நெடுநேரம் ஓடும் கருவி. பழைய வகை 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி என்ற, தூரிகை இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார் கொண்டது ஏறத்தாழ 30 வாட்டில் ஓடிவிடும். தினமும் 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு ஆண்டில் 197 யூனிட் மிச்சம். நன்றாக ஓடுவதை அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். பழுதாகும்போது மாற்றுங்கள், அதுவும் அதிகம் ஓடும் அறையில் முதலில்.

விளக்குகளில், இழை எரியும் பழைய குண்டு பல்பு மிச்சமிருந்தால் இன்றே மாற்றுங்கள். 60 வாட் தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது.

படி 6: மீண்டும் அளங்கள்

30 நாள் கழித்து அதே நேரத்தில் மீட்டரைக் குறித்து, முந்தைய 30 நாளோடு ஒப்பிடுங்கள். வானிலை மாறியிருந்தால் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே சரி. எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்றால் இரவுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், இந்த முறை எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு. அப்போதும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், கண்ணில் படாத ஏதோ ஒரு கருவி இணைப்பில் இருக்கலாம், அல்லது சுவருக்குள் மின்கசிவு இருக்கலாம். அதை நீங்கள் தேட வேண்டாம். உரிமம் பெற்ற மின்பணியாளரை அன்றே அழையுங்கள்.