ஊதா என்று எழுதும் முன்

"ரோமப் பேரரசர்கள் ஊதா அங்கி அணிந்தார்கள்" என்ற வரியைத் தமிழில் படிக்கும்போதெல்லாம் திருத்தச் சொல்லிக் கை பரபரக்கிறது. அந்தச் சாயம் மத்தியதரைக் கடலின் முள்நத்தைகளில் இருந்து எடுத்தது. அதில் உயர்ந்த ரகம் உறைந்த ரத்தத்தின் நிறம் என்கிறார் முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி. பார்த்தவுடன் கருப்பாகத் தெரியும், வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்குமாம். ஜவுளிக் கடையில் நாம் கேட்கும் கத்திரிப்பூ கலர் எங்கே, இது எங்கே! 1909-ல் ஃபிரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளைச் சேர்த்தும் 1.4 கிராம் சாயம்தான் தேறியது. அரசர்கள் ஏன் இதைத் தமக்கென்று வைத்துக்கொண்டார்கள் என்பது இதிலேயே புரிந்துவிடும்.

தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் இதற்கு 'இரத்தாம்பரம்' என்று போட்டார்கள். அதில் வரும் லீதியாள் என்ற வியாபாரி விற்றது இரத்தாம்பரம். எவ்வளவு பொருத்தமான சொல்! அது கையில் இருக்கும்போது ஊதாவைத் தேடிப் போவது பெரிய தவறு.

வயலட், பர்ப்பிள் இரண்டையும் ஊதா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சில் பரவாயில்லை, அறிவியல் எழுதும்போது கூடாது. பழைய சிடி ஒன்றின் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நீலம் முடிகிற ஓரத்தில் மங்கலாகக் கசிகிறதே, அதுதான் வயலட். ஏறக்குறைய 380 முதல் 450 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒளி. பர்ப்பிள் வானவில்லில் கிடையாது. சிவப்பு ஒளியும் நீல ஒளியும் சேர்ந்து கண்ணில் விழும்போதுதான் அது தோன்றும். போன் திரையில் வயலட் என்று தெரிவதும் நீலத்தோடு கொஞ்சம் சிவப்பு கலந்ததே. அதனால் போட்டோவை மட்டும் நம்பிப் பட்டு நூலுக்கு நிறம் முடிவு செய்யாதீர்கள்.

வானவில்லில் ஏழு நிறம் என்பதும் இயற்கை போட்ட கணக்கு இல்லை. நியூட்டன் முதலில் ஐந்துதான் சொன்னார். இசையின் ஏழு சுரங்களோடு ஒப்பிட்டுப் பிறகு ஏழாக்கினார். கருநீலம் அப்படி நுழைந்ததுதான்.

கடைசியாக, காயாம்பூ. அது நீலமா ஊதாவா என்று சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முல்லைப்பாட்டு அந்தக் கேள்விக்கே போகவில்லை. 'செறியிலைக் காயா அஞ்சனம் மலர' என்கிறது. கொம்பை ஒட்டிக் கொத்தாகப் பூக்கும் அந்தப் பூவை மையாகப் பார்க்கிறது. உரையில் 'ஊதா நிறக் காயாம்பூ' என்று எழுதினால் அந்த மை அழிந்துபோகும்.