தேசிய தினப் பேரணி உரை: எதிர்வினை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால், சிங்கப்பூர்ப் பிரதமரின் தேசிய தினப் பேரணி உரையைப் பற்றிக் கருத்துக் கட்டுரை எழுதிப் பழகும் இளையர் சிலர் தங்கள் வரைவுகளை என்னிடம் கொண்டுவருவது வழக்கம். அவற்றைப் படிக்கும்போதெல்லாம் என் பழைய தவறுகளே வேறு கையெழுத்தில் திரும்பி வருகின்றன. பெயர்ப் பிழை, தேதிப் பிழை போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டு உரைகளை ஒன்றாக்குதல்

ஆகஸ்ட் 8ஆம் தேதி ஒளிபரப்பாவது தேசிய தினச் செய்தி என்னும் உரை; அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரங்கில் நிகழ்த்தப்படுவது பேரணி உரை. இரண்டும் வேறு.

ஆங்கிலப் பகுதியை மட்டும் கேட்டுவிட்டு எழுதுதல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பிரதமர் முதலில் மலாயிலும், அடுத்து சீன மொழியான மாண்டரினிலும், இடைவேளைக்குப் பிறகு ஆங்கிலத்திலும் பேசுகிறார். ஒரே உரை மூன்று மொழிகளில் வாசிக்கப்படுகிறது என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள், அப்படியன்று. ஒவ்வொரு பகுதியும் அந்தந்தச் சமூகத்தை முன்னிறுத்தி எழுதப்படுவது. ஒற்றுமையைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாடே முக்கியம், ஏனென்றால் யாரிடம் எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் என்பது அங்கேதான் வெளிப்படும்.

2021 ஆகஸ்ட் 29 அன்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் பேசியபோது, நான் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆங்கிலப் பகுதிக்குத்தான் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தேன். சீனச் சமூகத்திடம் அவர்களுடைய மொழியிலேயே இன விவகாரத்தைப் பேச எந்தத் தலைவரும் துணிவதில்லை என்று அன்றிரவே சூடாக எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் மின்தூக்கியில் என்னுடன் ஏறிய எதிர்வீட்டுச் சீன முதியவர், “நேற்று எங்களிடம் அவர் சொன்னதைக் கேட்டீர்களா?” என்றார். ஆங்கிலம் பொதுமொழியானதால் மாண்டரின் மட்டுமே அறிந்த சீனர்களுக்கு இழப்பு நேர்ந்தது என்றும், ஆகவே இங்கே சீனர்களுக்குத் தனிச்சலுகை உண்டு என்பது ஆதாரமற்ற பேச்சு என்றும் பிரதமர் மாண்டரினில் விரிவாகவே சொல்லியிருக்கிறார். அந்த வாதத்தை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். நானோ அது பேசப்படவே இல்லை என்று எழுதியிருந்தேன். கட்டுரை அதற்குள் அச்சேறிவிட்டது. திருத்தம் ஒரு மூலையில் மூன்று வரியாக வந்தது. அந்தப் பக்கத்தில் எனக்கு மறுபடி இடம் கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. மூன்று மொழியும் தெரியாதே என்று சாக்குச் சொல்ல வேண்டாம். நேரடித் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு, உரையின் மொழியாக்கமும் பின்னர் வெளியாகிவிடும். ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும்.

முழக்கத்தோடு மல்லுக்கட்டுதல்

2025இல் பிரதமர் லாரன்ஸ் வோங் ‘நாம்’ என்பதை ‘நான்’ என்பதற்கு முன்னால் வைக்கும் சமூகத்தைப் பற்றிப் பேசியதும், எனக்கு வந்த வரைவுகள் எல்லாம் அந்த ஒரு சொல்லையே பிழிந்தெடுத்தன. ஒற்றுமையைச் சொல்லில் தேடுவதைவிட வீட்டு விற்பனையில் தேடலாம். 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, அரசாங்க அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்க நினைக்கும் தமிழ்க் குடும்பம் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் வட்டம் சுருங்க, விலையும் இறங்கக்கூடும். ஒற்றுமைக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று எழுத வேண்டுமானால், இந்தக் குடும்பத்தைக் கேட்டு எழுதலாம்.

அன்றிரவே தீர்ப்புச் சொல்லுதல்

2021 உரையில் அறிவிக்கப்பட்ட இன நல்லிணக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2025 பிப்ரவரியில்.

கைத்தட்டலை அளவுகோலாக்குதல்

அரங்கில் இருப்பவர்கள் அழைக்கப்பட்டவர்கள்.

தமிழில் பேசவில்லை என்று மட்டும் எழுதுதல்

நான்கு அதிகாரத்துவ மொழிகளில் மூன்றில்தான் பேசப்படுகிறது என்பது உண்மையே, எனக்கும் அதில் மனக்குறை உண்டு. ஆனால் அதையே ஐந்தாவது ஆண்டாக எழுதிக்கொண்டு வருபவரின் வரைவை நான் முதல் பத்திக்கு மேல் படிப்பதில்லை.