போன் கட்சி மாறுவதற்கு முன்

என் பழுதுபார்க்கும் கடையில் அண்ணன் ஐபோன் கட்சி, தம்பி சாம்சங் கட்சி. அப்பாவுக்கு எதை வாங்குவது என்று வாக்குவாதம். பெரியவரோ பழைய ஆண்ட்ராய்டு போனைச் சட்டைப்பையோடு அழுத்திப் பிடித்தபடி நின்றார். முதலில் அவரைக் கேளுங்கள் என்றேன்.

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்று மாடலைச் சொல்லிக் கேளுங்கள். கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24க்கும் 7 ஆண்டு உறுதி தந்தன. நிறுவனம் அதே என்பதற்காக மலிவு போனுக்கும் அந்த 7 ஆண்டு கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சார்ஜரை வைத்துச் சண்டை வேண்டாம், ஐபோன் 15 முதல் அதுவும் டைப்-சிதான்.

ஐபோனை விட்டு விலகுகிறவர்கள் சிம்மைக் கழற்றும் முன் ஐமெசேஜை, அதாவது ஆப்பிளின் செய்தி வசதியை, நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஐபோன் வைத்திருப்பவர்கள் அனுப்பும் செய்திகள் உங்களுக்கு வராமல் போகலாம். ஐபோனுக்குப் போகிறவர்கள், புதுப் போனை முதன்முதலில் அமைக்கும்போதே பழைய ஆண்ட்ராய்டு போனில் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியைப் போட்டு, அதன் வழியாக வாட்ஸ்அப் பதிவுகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரியவர் ஐபோனையே கேட்டார். அவருடைய வாட்ஸ்அப்பில் காலமான மனைவியின் குரல் பதிவுகள் இருந்தன. புதுப் போனில் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். "மாத்திரை போட்டீங்களா?" என்றது அந்தக் குரல். அதன் பிறகுதான் பழைய போனில் இருந்ததை அழித்தேன்.