ஒரு கார் நிற்கும் இடத்தில் இரண்டு: வீட்டு போர்ட்டிகோவில் கார் லிஃப்ட் வைப்பது எப்படி?

இரண்டாவது கார் வாங்கியாயிற்று, அது தெருவில் நிற்கிறது, அதனால் பக்கத்து வீட்டோடு தினமும் ஒரு முறைப்பு. இந்தக் கட்டத்தில்தான் பலரும் மேலொன்று கீழொன்றாக நிறுத்தும் லிஃப்ட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். சென்னையில் ஒரு தனிவீட்டு போர்ட்டிகோவில் அல்லது ஸ்டில்ட்டில் (வீட்டுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்த விட்ட தளம்) இதை வைக்க வேண்டும் என்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம். மெக்கானிக் ஷெட்டில் காரைத் தூக்கி அடியில் நின்று வேலை பார்ப்பார்களே, அந்த லிஃப்ட் வேறு. இது நிறுத்துவதற்கு மட்டும்.

முதல் வேலை: உயரத்தை அளப்பது

எல்லோரும் தரையைத்தான் அளப்பார்கள். ஆனால் நம் வீடுகளில் காலை வாருவது உயரம். டேப்பைச் சீலிங் வரை பிடிக்காதீர்கள், பீமின் அடிப்பாகம் வரை பிடியுங்கள். ஃபேன், டியூப்லைட், குளியலறையிலிருந்து இறங்கும் பிவிசி பைப் எல்லாம் கணக்கில் சேரும். பத்தடி என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஸ்டில்ட்டில் பீமுக்குக் கீழே எட்டரை அடிதான் தேறும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஸ்விஃப்ட்டின் உயரம் சுமார் 1,520 மில்லிமீட்டர். கீழே ஒரு ஸ்விஃப்ட், அதற்கு மேல் 50 இடைவெளி, லிஃப்ட் மேடையின் கனம் 120 என்று வைப்போம், மேலே இன்னொரு ஸ்விஃப்ட், தலைக்கு மேல் 100. மொத்தம் 3,310 மில்லிமீட்டர், அதாவது பத்தடி பத்து அங்குலம். கீழே க்ரெட்டா என்றால் அதன் உயரம் 1,635, எனவே பதினோரு அடி மூன்று அங்குலம் ஆகிவிடும். இன்னோவா க்ரிஸ்டா 1,795. அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆக, வழக்கமான பத்தடி போர்ட்டிகோவில் இரண்டு கார்களைச் சமதளமாக அடுக்க முடியாது. விற்பவர் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னால், உங்கள் கார்களின் உயரத்தையும் உங்கள் பீமின் உயரத்தையும் போட்டு வரைபடம் கேளுங்கள். வரைபடம் வராத இடத்தில் அட்வான்ஸ் தராதீர்கள்.

உயரம் போதாவிட்டால்?

மூன்று வழிகள் உண்டு. சாய்வு லிஃப்ட்டில் மேடை சரிந்து நிற்கும். கீழே நிற்கும் காரின் பானெட் தாழ்வாக இருப்பதால் மேடையின் தாழ்ந்த முனை அதற்கு மேல் வந்து நிற்கிறது, அதனால் உயரம் மிச்சமாகிறது. ஹோண்டா சிட்டி மாதிரி தாழ்வான செடான் கீழே நின்றால் இது நன்றாக ஒத்துவரும். முன்பக்கம் உயர்ந்த எஸ்யூவிக்கு அவ்வளவாகப் பயன்படாது.

இரண்டாவது வழி, பள்ளம் தோண்டிக் கீழ்க் காரைத் தரைக்கடியில் இறக்குவது. ஒரு காரை எடுக்க இன்னொன்றை நகர்த்த வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில், வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ பள்ளத்துக்குள் கார் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டார் இருக்கிறதே என்பார்கள். மழை வெளுத்து வாங்கும்போதுதான் கரண்ட்டும் போகும்.

மூன்றாவது, கூரையில்லாத முன்முற்றத்தில் வைத்து மேலே ஷீட் போடுவது. உயரப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் சுற்றுச்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே காலியாக விட வேண்டிய இடத்துக்கு விதிகள் இருக்கின்றன. மாநகராட்சியில் கேட்காமல் இரும்புத் தூண் நடாதீர்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும்.

அகலத்துக்கு ஒரு வார்த்தை. 2019-இல் வந்த தமிழ்நாடு கட்டட விதிகளின்படி ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். தூண்களோடு சேர்த்து லிஃப்ட் பல சமயம் அதைவிடக் கொஞ்சம் கூடவே கேட்கும். கதவைத் திறந்து இறங்க முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

தரைக்குள் என்ன இருக்கிறது?

போர்ட்டிகோவுக்கு அடியில்தான் பல வீடுகளில் சம்ப் இருக்கும், சில வீடுகளில் செப்டிக் டேங்கே இருக்கும். அதன் மூடிப் பலகைமேல் லிஃப்ட் தூண் வரவே கூடாது. பழைய பிளான் கிடைக்காவிட்டால் வீடு கட்டிய மேஸ்திரியைத் தேடிப் பிடியுங்கள்.

இரண்டு தூண் லிஃப்ட்டுகள் பலவற்றில் தூண்கள் பின்னால் தள்ளி நிற்கும், மேடை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கார் ஏறியதும் தூண் முன்பக்கம் சாயப் பார்க்கும், பின்பக்க போல்ட்டுகள் தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும். அந்த இழுவையைப் பேவர் பிளாக்கோ, டைல்ஸுக்கு அடியில் இருக்கும் மூன்று அங்குல ஜல்லித் தளமோ தாங்காது. தூண் வரும் இடத்தில் டைல்ஸை உடைத்து, கம்பி கட்டி, புதிதாகக் கான்கிரீட் போட வேண்டும். எவ்வளவு ஆழம், எந்தக் கம்பி என்பதைக் கம்பெனி தரும் பளுக் கணக்கைப் பார்த்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் இந்த வேலையில் மிகச் சிறிய செலவு. கான்கிரீட் முழு பலத்துக்கு வர 28 நாள் என்பது கணக்கு. ஏழாம் நாளே போல்ட் அடிக்கக் கிளம்பும் ஆட்களைத் தடுத்து நிறுத்துங்கள்.

நான்கு தூண் லிஃப்ட்டில் எடை நான்கு மூலைக்கும் பிரிந்து நேராகக் கீழே இறங்குவதால் தரைக்குச் சிரமம் குறைவு. இடம்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

கரண்ட்

வீட்டு லிஃப்ட்டுக்கு 3 ஹெச்பி மோட்டார் வழக்கம். சிங்கிள் ஃபேஸில் ஓடும்போதே 14, 15 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதுபோல் பல மடங்கு. த்ரீ ஃபேஸ் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தனி வயர், தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். ஆயில் அழுத்தத்தால் மேடையைத் தூக்கும், ஆயில் டேங்கும் மோட்டாரும் சேர்ந்த பவர் பேக்கைத் தரையில் வைக்காமல் வெள்ளம் எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: கரண்ட் இல்லாதபோது காரை எப்படி இறக்குவது? மேடை, தூணிலுள்ள பூட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். இறக்குவதற்கு முன் அதைக் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் பூட்டு விடுபடும். வீட்டு இன்வெர்ட்டர் இந்த மோட்டாரை ஓட்டாது. கைப்பம்பு இருக்கும் மாடலாகப் பாருங்கள்.

பொருத்தும் நாள்

இதைக் கம்பெனி ஆட்கள்தான் செய்ய வேண்டும், ஆனால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தண்ணீர் வடிய போர்ட்டிகோ தரையில் வாட்டம் இருக்கும். அதனால் தூணுக்கடியில் இரும்புத் தகடு கொடுத்து, தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் நேர் பார்க்க வேண்டும். ரசமட்டத்தை மேடைமேல் வைத்தால் இரண்டு ஓரமும் ஒன்றாக ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். ஆயில் ஊற்றியதும் காரில்லாமல் பலமுறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுவார்கள். அப்புறம் காரை வைத்து ஓரடி மட்டும் தூக்கி, பூட்டில் உட்கார வைத்து, போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் முழு உயரம். ஒவ்வொரு படியிலும் பூட்டு விழும் "டக்" சத்தம் இரு தூணிலும் கேட்க வேண்டும்.

லிஃப்ட்டை இயக்கும்போது

எடை குறைந்ததும், அதிகம் எடுக்காததுமான காரை மேலே வையுங்கள். கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பட்டனில் கை வைக்கும் முன் குனிந்து ஒருமுறை அடியில் பாருங்கள், பூனை படுத்திருக்கும். சாவியால் பூட்டும் கன்ட்ரோல் பாக்ஸ்தான் வேண்டும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசம் கிடையாது. மேடைக்கடியில் சொட்டுத் தட்டு இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் மேல் காரின் மழைத்தண்ணீரும் ஆயிலும் கீழ் காரின் கூரையில்தான் விழும். கம்பிவடத்தில் ஒரு இழை பிரிந்து நின்றாலும் மாற்றும்வரை லிஃப்ட்டைத் தொடாதீர்கள்.

மேல் காரை இறக்கக் கீழ் காரை வெளியே எடுத்தாக வேண்டும். எனவே கீழ் காரின் மாற்றுச் சாவி எப்போதும் வீட்டிலேயே இருக்கட்டும்.